அண்ணி விதைக்காத வருஷம்

அன்று காலை தோட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மனைவி. என் மகள், பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், சனிக்கிழமை என்பதால் வந்திருந்தாள். எங்களிடம் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கும் புதுக்கோட்டைக்காரர். அவர் என்னைவிட நாலு வயது இளையவர். அண்ணி.

அண்ணன் இல்லை. நவம்பர் மழையில் போய்விட்டார். காய்கறி இறக்கிவிட்டு லாரியில் ஏறி உட்கார்ந்தவர் வண்டியை எடுக்கவில்லை. பக்கத்து லாரிக்காரர்தான் வந்து பார்த்தார்.

தோட்டம் சிங்கப்பூரில், லிம் சூ காங்கில். கீரைத் தோட்டம். முப்பத்தாறு பாத்தி. ஓரம் முழுக்கக் கறிவேப்பிலை, மூலையில் கொஞ்சம் வாழை. வீடு சுவா சூ காங்கில், பத்தாவது மாடி. அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கிய வீடு, எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தோம். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. என் மகளைத் தூக்கி வளர்த்தது அண்ணிதான்.

வருஷக் கடைசியில் மழை பிடித்தால் பாத்தி கரையும், கீரை அழுகும். அந்த இரண்டு மாதமும் லிட்டில் இந்தியாக் கடைக்காரர்கள் மலேசியாவிலிருந்து வரும் ஜொகூர்க் கீரையை வாங்கி விற்பார்கள். பிப்ரவரியில் வெயில் வந்ததும் முப்பத்தாறு பாத்தியையும் கொத்தி, எரு போட்டு, மேடு கட்டி, விதைத்தாக வேண்டும். பத்து நாள்தான் கணக்கு. மார்ச்சில் கீரைக்கட்டைக் கொண்டுபோய்க் கடையில் வைத்தால் கடைக்காரர் நம் பக்கம் திரும்புவார். பிந்தினால் ஜொகூர்க்காரன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான்.

விதை அண்ணியின் பொறுப்பு. நல்ல செடியாகப் பார்த்து அறுக்காமல் விடுவார். முற்றியதும் வெட்டிக் காய வைத்து, உதிர்த்து, புடைத்து, மைலோ டின்னில் போட்டு மூடுவார். வெளியில் விதை வாங்கி எனக்கு நினைவில்லை. எந்த டின்னில் எந்தக் கீரை என்று எழுதி ஒட்டுவதும் இல்லை. அவருக்குத் தெரியும், போதும் என்று நாங்கள் இருந்தோம்.

முதல் பாத்தியில் முதல் கை விதையும் அவர்தான் போடுவார். அண்ணன் கொண்டுவந்த வழக்கம் அது. கல்யாணமாகி வந்த வருஷம் அண்ணி விளையாட்டாகத் தூவிய பாத்தி பாய் விரித்தது மாதிரி வந்தது. இவளுக்குக் கைராசி என்றார் அண்ணன். அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் அண்ணி கை வைக்காமல் நாங்கள் ஆரம்பித்ததில்லை.

கீரை விதை கடுகைவிடப் பொடி. ஒரு கை விதைக்குப் பத்துக் கை மணல் கலந்து தூவுவார். தூவியதும் இன்னொரு டின்னை எடுத்துக்கொண்டு பாத்தியைச் சுற்றி நொய்யரிசி போட்டு வருவார். என்ன அண்ணி இது என்று ஒருமுறை கேட்டேன். “எறும்புக்குடா” என்றார். நான் அதைப் புண்ணியத்துக்குச் செய்வது என்று எடுத்துக்கொண்டேன். கோலத்தில் அரிசி மாவு போடுகிற மாதிரி.

என் மனைவி கேலி செய்வாள்.

“அக்கா எறும்புக்குப் பசியாற வைக்கிறாங்க. நமக்குத்தான் பத்து மணி ஆவுது, இன்னும் ஒரு தேத்தண்ணி கூட இல்ல.”

“நீயும் வரிசையில நில்லு, உனக்கும் ரெண்டு போடறேன்” என்பார் அண்ணி.

அண்ணன் காரியம் முடிந்ததும் ஆங் மோ கியோவில் இருக்கும் அண்ணியின் தங்கச்சி இங்கே வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி என்னிடம் சொன்னார்: “விதைப்பு முடியட்டும் தம்பி. அப்புறம் பாக்கலாம்.”

அவர் போனால் தோட்டம் நடக்காது. எனக்கு மண்வெட்டி தெரியும், லாரி தெரியும், கடைக்காரர்களைத் தெரியும். விதை தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. அண்ணிக்கும் போக மனமில்லை என்றுதான் நினைத்தேன். ஜனவரியில் தேக்காச் சந்தைக்குப் போனவர் புது ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்தார். போகிறவர் பூட்ஸ் வாங்க மாட்டார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

முதல் பாத்தியின் தலையில் சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்தேன். அண்ணி ஒரு பேசினில் மணலும் விதையும் கலந்து எடுத்து வந்திருந்தார். நொய் டின் இடுப்பில் இடுக்கி இருந்தது. பேசினிலிருந்து ஒரு பிடி விதையைத் தட்டில் போட்டு சாமிக்கு முன்னால் வைப்பது வழக்கம். வைத்தார். தட்டை எடுத்து அண்ணன்தான் அண்ணி கையில் கொடுப்பார். இந்த வருஷம் நான் கொடுக்க வேண்டும்.

நான் தட்டை எடுத்து என் மனைவியிடம் நீட்டினேன்.

யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மனைவி கேட்கவில்லை. உறவுக்காரர் யாரும் அங்கே பார்த்துக்கொண்டும் இல்லை. அண்ணன் போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவர் முதல் விதை போடலாமா என்று எனக்குப் பயம். மழையில் பாதித் தோட்டம் போயிருந்தது, அண்ணன் போயிருந்தார். இன்னும் எது போகுமோ என்று இருந்தது. அவ்வளவுதான்.

“நானா?” என்றாள் மனைவி.

“வாங்கு.”

மகள் குறுக்கே வந்தாள். “பெரியம்மாதானே எப்பவும் ஃபர்ஸ்ட் போடுவாங்க. இப்ப மட்டும் ஏன் அம்மா?”

“நீ சும்மா இரு.”

“இல்லப்பா, ஐ ஆம் ஜஸ்ட் ஆஸ்கிங் லா. என்ன ரீசன்?”

“சும்மா இருன்னு சொன்னேன்ல.”

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. பேசினை என் மனைவி காலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். மணல் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தார்.

“இந்த வருஷம் மட்டும்தான் அண்ணி” என்றேன். “எல்லாப் பாத்தியும் அவளே தூவட்டும். நீங்க கொஞ்சம் உக்காருங்க.”

“நீங்க சொன்னா சரி, தம்பி.”

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது வீட்டுக்கு வந்தவர். அதுவரை என்னை வா, போ என்றுதான் சொல்வார். நொய் டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பிறகு வந்து ஒன்பதாம் பாத்தியில் குந்தி, களை பிடுங்க ஆரம்பித்தார். உட்காரவில்லை.

என் மனைவி தூவினாள். மண்ணைக் கையால் லேசாகத் தள்ளி மூடி, பூவாளியால் தண்ணீர் தெளித்தோம். நொய் யாரும் போடவில்லை. எனக்கு நினைப்பே வரவில்லை.

அடுத்த நாலு நாளும் பேச நேரமில்லை. நான்கரைக்கு எழுந்து, ஐந்தேகாலுக்கு லாரி. நானும் புதுக்கோட்டைக்காரரும் கொத்திக்கொண்டே முன்னால் போவோம். பின்னால் அண்ணி கோழி எருவைத் தட்டிப் பரப்பிக்கொண்டு வருவார். மேடு கட்டுவதும் அவர்தான். கயிறு பிடிக்காமல் நேராகக் கட்டுவார். அதற்குப் பின்னால் என் மனைவி தூவிக்கொண்டு வருவாள். மகள் வகுப்பு இல்லாத நேரத்தில் வந்து பாத்திக்கு மேலே போடும் வலையை இழுத்துக் கட்டினாள். வலையில் மழைக்காலத்துக் கிழிசல் பதினாலு இடத்தில் இருந்தது. ஊசி நூலில் தைத்தாள்.

புதுக்கோட்டைக்காரர் சும்மா இருக்க மாட்டார். மகளிடம், “பாப்பா, அந்த மம்பட்டிக்கு சார்ஜ் தீந்துபோச்சா? இவ்வளவு நேரமா ஒரே எடத்துல நிக்குதே” என்றார்.

“அங்கிள், நீங்க கொத்துன லைனைப் பாருங்க. பாம்பு போன மாதிரி இருக்கு.”

“பாம்பு நல்லதுதான். எலி வராது.”

அண்ணியும் சிரித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அண்ணி வேலையைக் குறைக்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் எனக்குத் தட்டில் போட்டுக் கொடுத்தார். குழம்பு போதுமா தம்பி, போட்டுக்குறீங்களா என்று கேட்டார். அவ்வளவும் மரியாதையாக இருந்தது. நான்தான் போதும் அண்ணி என்று பாதியில் எழுந்தேன்.

நாலு நாளில் இருபத்து நாலு பாத்தி விதைத்தாகிவிட்டது. மீதி பன்னிரண்டு.

கீரை நாலாம் நாள் தலை காட்டும். ஐந்தாம் நாள் மண் சிவப்பும் பச்சையுமாகத் தெரிய வேண்டும். ஐந்தாம் நாள் முதல் பாத்தியில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் இங்கொன்றும் அங்கொன்றும் நின்றது. இரண்டாம் பாத்தி, மூன்றாம் பாத்தி, அதே மாதிரி. ஆறாம் நாள் முதல் பன்னிரண்டு பாத்தியையும் நடந்து பார்த்தேன். மண்ணை விரலால் கிளறினேன். அழுகின விதை கூட இல்லை.

மனைவி அழ ஆரம்பித்தாள். “என் கையிலதான் ஏதோ இருக்கு.”

“உன் கையில ஒண்ணும் இல்ல” என்றேன்.

அப்படிச் சொல்லிவிட்டால் வேறு எதையாவது சொல்ல வேண்டும். மத்தியானம் கொட்டகையில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தோம். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“விதைதான் சரியில்ல போல. அண்ணன் போன கவலையில காய வைக்காம டின்னுல போட்டுட்டீங்களா அண்ணி?”

புதுக்கோட்டைக்காரர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். மகள் “அப்பா” என்றாள்.

அண்ணி அவசரப்படாமல் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவினார். அலமாரியிலிருந்து முதல் பாத்திக்கு எடுத்த அதே டின்னை இறக்கி, கொஞ்சம் விதையைக் காகிதத்தில் கொட்டினார். ஒரு ஈர்க்கை எடுத்து நுனியை நாக்கில் நனைத்தார். நனைந்த நுனியில் ஒரு விதை ஒட்டும். அதை ஈரத் துணி விரித்த தட்டில் வைத்தார். அடுத்தது. அடுத்தது. நாங்கள் வெயிலில் இறங்கி வேலைக்குப் போன பிறகும் எண்ணிக்கொண்டு இருந்தார். முடித்து, மேலே இன்னொரு துணியைப் போட்டு மூடி, அலமாரியில் வைத்தார்.

பிறகு பூட்ஸைக் கழற்றிக் கழுவிக் கவிழ்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். மகள் பின்னால் ஓடினாள். அந்த ரோட்டில் பஸ் எப்போதாவதுதான் வரும். இரண்டு பேரும் வெயிலில் நின்றதை நான் பாத்தியில் இருந்து பார்த்தேன். போய்க் கூப்பிட்டிருக்கலாம். முன்னூறு அடிகூட இருக்காது. கொத்திக்கொண்டு இருந்தேன்.

மகள் திரும்பி வந்து சொன்னாள். “பெரியம்மா ஆங் மோ கியோ சின்னம்மா வீட்டுக்குப் போறாங்க. தட்டுல நூறு விதை போட்டிருக்காங்களாம். மூணு நாள் கழிச்சு எத்தனை மொளச்சிருக்குன்னு உங்களை எண்ணச் சொன்னாங்க. துணி காயாம நான் பாத்துக்கணுமாம்.”

“சரி.”

“என்ன சரி? போன் பண்ணுங்கப்பா.”

“வேலை இருக்கு.”

மறுநாள் காலையில் புதுக்கோட்டைக்காரர் வலை ஓரத்தில் நின்று கூப்பிட்டார்.

“அண்ணே, இங்க வாங்க. ஒண்ணு காட்டறேன்.”

இருபத்து நாலாம் பாத்தி. கடைசியாகத் தூவியது. அதிலிருந்து எறும்பு வரிசையாகப் போனது. ஒவ்வொன்றின் வாயிலும் கறுப்பாக மின்னியது. வரிசையின் பின்னாலேயே போனோம். கறிவேப்பிலை மரத்தடியில் புற்று. அவர் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினார். உள்ளே கீரை விதை. ஒரு டம்ளர் இருக்கும். அந்த மாதிரிப் புற்று வேலி ஓரமெல்லாம் இருந்தது.

“அண்ணி நொய் போடறது இதுக்குத்தாண்ணே. நொய் பெருசு. அது கெடச்சா எறும்பு விதைய விட்டுரும்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“எங்க ஊர்லயும் போடுவாங்க.”

“அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?”

அவர் மண்வெட்டியைத் துடைத்தார். “நீங்க நிறுத்தச் சொன்னீங்கன்னு நெனச்சேன். எல்லாத்தையும்தானே நிறுத்துனீங்க.”

மனைவியிடம் சொன்னேன். அவள் கொட்டகைக்குப் போய் நொய் டின்னை இறக்கினாள். பிறகு சொன்னாள், “இத்தனை வருசம் நான் அதைச் சொல்லித்தான் கேலி பண்ணினேன். ஒரு நாளாவது அக்கா திருப்பிச் சொன்னாங்களா, இது இதுக்குத்தான்டின்னு.” கொஞ்சம் கழித்து, “தட்டை என் கையில குடுத்தது நீங்க. நான் கேட்டேனா?” என்றாள்.

“இல்ல.”

“எங்க அக்கா முகத்துல நான் இனிமே எப்படி முழிப்பேன்?”

இருந்த விதையை நொய் போட்டு மறுபடி தூவினோம். எந்த டின்னில் எந்தக் கீரை என்று தெரியாமல் கலந்து தூவினோம். ஒன்பது பாத்தியோடு விதை தீர்ந்தது. அண்ணிக்கு நான் போன் செய்யவில்லை. தினமும் நாளைக்கு என்று நினைத்தேன்.

அண்ணி போன நாலாம் நாள் கறிவேப்பிலை மட்டும் ஏற்றிக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். பஃபலோ ரோட்டில் எங்களிடம் கீரை எடுக்கும் கடைக்காரர் பாய், அண்ணனோடு பழகியவர்.

“என்ன தம்பி, கறிவேப்பிலை மட்டும்தானா? இதைத் தாளிச்சு நான் எதுல கொட்டுறது?”

“கீரைக்கு நாளாகும் பாய்.”

“எத்தன நாளு?”

“தெரியல.”

“ஜொகூர்க்காரன் காலையில வந்து கேட்டுட்டுப் போனான். இந்த மாசம் பூரா அவன்கிட்டயே எடுத்துக்கச் சொல்றான். உன் அண்ணனுக்காகத்தான் இழுத்துக்கிட்டு இருக்கேன்.” கூடையை எடை போட்டுக்கொண்டே கேட்டார். “அண்ணி வரலையா? விதைப்புன்னா விதை மொளைக்குதான்னு பாக்க வெள்ளைத் துணி வாங்க இந்தப் பக்கம் வருவாங்களே.”

“தங்கச்சி வீட்டுல இருக்காங்க.”

“இந்த நேரத்துலயா?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஜொகூர்க்காரன்கிட்ட சரின்னு சொல்லிடறேன் தம்பி. மனசுல வெச்சுக்காத” என்றார்.

அங்கிருந்து நேராக ஆங் மோ கியோவுக்கு லாரியை விட்டேன். அண்ணியின் தங்கச்சி கதவைத் திறந்து, உள்ளே கூப்பிடாமல், அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருக்கு, கீழே நில்லுங்க என்றார். அடுக்குமாடி புளோக்கின் கீழே கல் நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் அண்ணி தள்ளுகூடையோடு வந்தார். உள்ளே ஜொகூர்க் கீரை இரண்டு கட்டு இருந்தது.

“வாங்க தம்பி. சாப்டீங்களா?”

“சாப்டேன். அண்ணி, வாங்க போகலாம். லாரி கொண்டாந்திருக்கேன்.”

“எதுக்கு?”

“விதைக்கணும்.”

“விதை இருக்கா?”

“இல்ல. தீந்துபோச்சு.”

“அப்புறம் என்னத்தை விதைக்க?”

கூடையை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எறும்புதான் அண்ணி தூக்கிட்டுப் போயிருச்சு. பாத்தேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்லலையே. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லிருந்தா இருபத்து நாலு பாத்தி போயிருக்காது.”

“விதைப்புல என் கை படக்கூடாதுன்னீங்க. வாய் மட்டும் படலாமா?”

பக்கத்து மேசையில் இரண்டு சீனக் கிழவர்கள் சதுரங்கக் காய் நகர்த்திக்கொண்டு இருந்தார்கள். ஒரு காயை ஓங்கி வைத்தார் ஒருவர். நான் அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“நான் தப்பா நெனச்சுச் செய்யல அண்ணி.”

“எப்படி நெனச்சுச் செஞ்சீங்க?”

நான் லாரிச் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டு இருந்தேன்.

“உங்க அண்ணனைப் பாக்கப் போன ஆஸ்பத்திரியிலயும் சரி, காரியத்துலயும் சரி, நான் அழல தம்பி. விதைப்புக்கு வரணும், நிக்கணும்னு இருந்தேன். மணலைச் சலிச்சு எடுத்துக்கிட்டு வந்தேன்.” அண்ணி கூடைப் பிடியைச் சரி செய்தார். “அதுகூடப் பரவால்ல. சடங்கு, பயம், மனுசனுக்கு இருக்கும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்னுதான் களை பிடுங்குனேன். விதையைச் சொன்னீங்க பாருங்க. எல்லார் முன்னாடியும், சோறு தின்னுற நேரத்துல.”

“தப்புதான்.”

“தட்டை எண்ணுனீங்களா?”

“இல்ல.”

“நாலு நாளாச்சு.”

“வேலையில…”

“வேலை.” அண்ணி தலையை ஆட்டினார். “திங்கக்கெழமையில இருந்து இங்க ஒரு பள்ளிக்கூடக் கேன்டீன்ல காய் நறுக்கப் போறேன். தங்கச்சி சொல்லி வெச்சுது. காலையில ஆறு மணிக்கு.”

“எண்ணிட்டு வரேன் அண்ணி. எண்ணிட்டு வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன். அப்ப வருவீங்களா?”

“வர மாட்டேன்.” எழுந்து கூடையைத் தள்ளினார். “ஆனா எண்ணுங்க.”

லிஃப்ட் வரும்வரை நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்று இல்லை, கூடையின் சக்கரம் வாசல் மேட்டில் மாட்டிக்கொண்டது, அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. மனைவி, மகள், புதுக்கோட்டைக்காரர் மூன்று பேரும் கொட்டகையில் இருந்தார்கள். என் பின்னால் யாரும் இறங்கவில்லை என்று பார்த்தார்கள்.

அலமாரியிலிருந்து தட்டை எடுத்தேன். மகள் நாலு நாளும் தண்ணீர் தெளித்திருந்தாள். மேல்துணியை விலக்கினேன். வெள்ளை வேர் துணியில் பின்னிக் கிடந்தது. ஈர்க்கு எடுத்து, முளைத்ததை ஒன்று ஒன்றாக ஒதுக்கினேன். நடுவில் கணக்கு விட்டுப்போனது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மகள் பக்கத்தில் நின்று கூடவே எண்ணினாள்.

தொண்ணூற்றேழு.